திரை போனால் லேப்டாப்பே போனதா?

லேப்டாப்பின் திரையில் கோடு விழுகிறது. பாதித் திரை இருண்டு கிடக்கிறது. மூடியை அசைத்தால் படம் வருகிறது, கையை எடுத்தால் போய்விடுகிறது. ரிப்பேர் பார்ப்பதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா?

தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் உழைப்பாளிகளின் வீடுகளில் இன்று சாதாரணமாக எழும் கேள்வி இது. மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் படிக்கிற பத்திரிகையில் தலையங்கம் எழுதும் அளவுக்கு இது பெரிய விஷயமா என்று சிலர் கேட்கக்கூடும். பெரிய விஷயம்தான். ஒரு குடும்பத்தின் மாதக்கணக்கான கூலி யாருடைய பைக்குப் போகிறது என்பதைக் காட்டிலும் பெரிய அரசியல் பிரச்னை எது?

இருட்டோடு எழுந்து, ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். ஆண்டிப்பட்டியிலும் தேனியிலும் மில்லில் இரவு ஷிப்ட் பார்க்கிற தகப்பனாரின் மகள், உத்தமபாளையத்திலோ வீரபாண்டியிலோ பட்டப் படிப்புப் படிக்கிறாள். அவளுக்கு லேப்டாப் அலங்காரப் பொருள் அல்ல. ஸ்காலர்ஷிப் மனு, பரீட்சைக் கட்டணம், பாடக் குறிப்பு, வேலைக்கு விண்ணப்பம் எல்லாம் அதில்தான். கொத்தனாருக்குக் கரண்டி எப்படியோ, அவளுக்கு அது அப்படி. கருவி கெட்டால் வேலை கெடும்.

இந்தக் கருவி நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது என்பதும் தெரிந்ததே. 2011 செப்டம்பர் 15ஆம் தேதி தமிழ்நாடு சர்க்கார் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் துவக்கியது. அதன் பிறகு சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்த பிள்ளைகளுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் கொடுக்கப்பட்டன. சில ஆண்டுகள் திட்டம் நின்று கிடந்தது. 2025–26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லட்டோ தரப்படும் என்று அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் விநியோகம் துவங்கியது. இதை நாம் வரவேற்கிறோம். ஏழையின் பிள்ளைக்குக் கருவி கிடைத்தது பிச்சையல்ல. ஜனங்களின் வரிப்பணம் ஜனங்களுக்கே திரும்பி வந்தது.

ஆனால் கொடுக்கிற அன்று மேடை இருக்கிறது, மாலை இருக்கிறது. வாரண்டி முடிந்த மறுநாள் அது அந்தக் குடும்பத்தின் பாடு. திரை போனால் யாரிடம் போவது?

கூலிக் கணக்கு

முதலில் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025–26ஆம் ஆண்டுக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். சட்டம் சொன்ன நூறு நாளும் வேலை கிடைத்து, கூலியும் பாக்கியின்றிக் கைக்கு வந்ததாகவே வைத்துக்கொள்வோம். மொத்தம் 33,600 ரூபாய். கல்லூரிப் படிப்புக்குத் தாங்கும்படியான புது லேப்டாப்பின் விலை ஏறத்தாழ 35,000 ரூபாய். அதாவது ஒரு வருஷத்து நூறு நாள் வேலை முழுவதும் ஒரே பெட்டிக்குள் போய் முடிகிறது. அப்போதும் கடன் மிஞ்சுகிறது.

திரையை மட்டும் மாற்றினால்? தொடுதிரை அல்லாத சாதாரண 14 அங்குல, 15.6 அங்குலத் திரைக்கு, கூலியையும் சேர்த்துப் பெரும்பாலும் மூவாயிரத்திலிருந்து ஆறாயிரம் ரூபாய்க்குள் முடியும். நாலாயிரம் ஆகிறது என்றால் அது 12 நாள் கூலி.

12 நாளா, நூறு நாளுக்கு மேலா? கேள்வி இதுதான்.

புதிது வாங்கச் சொல்கிற கடைக்காரர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார். "மாதம் மூவாயிரம் கட்டினால் போதும், வட்டியே இல்லை" என்பார். ரொக்கம் கொடுத்தால் கிடைக்கிற தள்ளுபடி தவணையில் கிடைக்காது. 'பிராசஸிங் கட்டணம்' என்று ஒன்று கழியும். ஒரு தவணை தவறினால் அபராதம் ஏறும். வட்டியில்லை என்று பெயர்தானே தவிர, வட்டி வேறு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. மழையால் பத்து நாள் தோட்டவேலை நின்றுபோனால் இந்தத் தவணை எங்கே நிற்கும்?

இதற்கு மேல் இன்னொன்று. 2025ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து உலகெங்கும் மெமரி சிப்பின் விலை கிடுகிடுவென ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காக ராட்சதக் கம்பெனிகள் கட்டுகிற கணினிக் கூடங்கள் சிப்புகளை வாரிக்கொண்டு போனதே அதற்குக் காரணம். அமெரிக்காவில் கோடீஸ்வரர்கள் நடத்துகிற போட்டிக்குச் சின்னமனூரில் படிக்கிற பிள்ளை விலை கொடுக்கவேண்டியிருக்கிறது. இந்த நேரத்தில் கையில் இருக்கிற நல்ல யந்திரத்தை எறிவது நமக்கு நாமே செய்துகொள்ளும் நஷ்டம்.

யந்திரம் நமக்குப் புதிதா?

பழுது பார்ப்பது தொழிலாளிக்குத் தெரியாத வித்தையல்ல. மில்லில் ரிங் பிரேமில் ஒரு ஸ்பிண்டிலின் பேரிங் தேய்ந்தால் மெஷினையே கழற்றி எறிகிறானா முதலாளி? பிட்டர் வருகிறார், பேரிங்கை மாற்றுகிறார், மெஷின் ஓடுகிறது. கம்பத்திலும் கூடலூரிலும் சுருளிப்பட்டியிலும் திராட்சைப் பந்தலில் ஒரு கல்தூண் சாய்ந்தால் பந்தலையே பிரித்து எறிவதில்லை. அந்தக் கல்லை மட்டும் நட்டு, கம்பியை இழுத்துக் கட்டுகிறோம். கிணற்று மோட்டாரில் காயில் எரிந்தால் காயில் கட்டி வாங்கி வந்து மறுபடி தண்ணீர் இறைக்கிறோம்.

இந்தப் பள்ளத்தாக்கே பழுது பார்த்த ஒன்றை நம்பி வாழ்கிறது. 1895ல் திறந்த முல்லைப் பெரியாறு அணையை 1979க்குப் பிறகு கான்கிரீட்டும் எஃகுக் கம்பியும் கொண்டு வலுப்படுத்தினார்கள். இன்றும் அந்தத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது.

முதலாளி தன் யந்திரத்தைத் தேய்மானம் வரை ஓட்டுகிறான். அதே முதலாளி வர்க்கம், நமக்கு விற்ற யந்திரத்தில் ஒரு பாகம் போனதும் "எறிந்துவிடு, புதிது வாங்கு" என்று உபதேசம் செய்கிறது. தன் பணத்துக்கு ஒரு நியாயம், நம் கூலிக்கு ஒரு நியாயம்!

பழுது எங்கே என்று முதலில் பாருங்கள்

லேப்டாப்பில் திரை என்பது முகம். மூளை வேறு இடத்தில், விசைப்பலகைக்கு அடியில் போர்டில் இருக்கிறது. முகத்தில் காயம் பட்டவனைச் செத்தவன் என்று எழுதலாமா? கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு.

லேப்டாப்பை ஹெச்.டி.எம்.ஐ. வயர் கொண்டு டி.வி.யில் இணையுங்கள். பழைய மாடலானால் வி.ஜி.ஏ. வயரும் மானிட்டரும் வேண்டும். அங்கே படம் சுத்தமாகத் தெரிந்தால் போர்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. பழுது திரையிலோ, திரைக்குப் போகும் கேபிளிலோ இருக்கிறது. டி.வி.யிலும் அதே கோடு விழுந்தால் பழுது உள்ளே போர்டில். அது வேறு கதை.

மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகச் செல்லும் கேபிள் நைந்திருக்கலாம். கேபிள் மட்டும் மாற்றுவது திரை மாற்றுவதைவிட மலிவு.

திரை இருட்டாக இருந்தால் டார்ச் லைட்டைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் வழியோ கெட்டிருக்கிறது. கண்ணாடி விரிசல் விட்டு மை கொட்டியதுபோல் கறை பரவினால், திரையைத்தான் மாற்றவேண்டும்.

எதைச் செய்யுமுன்னும் பாடங்களையும் சர்டிபிகேட் நகல்களையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். பெண் பிள்ளைகள் தங்கள் படங்களையும் சொந்த விஷயங்களையும் வேறு இடத்துக்கு மாற்றி, லேப்டாப்பிலிருந்து நீக்கிவிட்டுக் கடைக்குக் கொடுப்பது நல்லது.

வாரண்டி இருந்தால் வெளியில் திறக்க விடாதீர்கள்; பில்லோடு கம்பெனி சர்வீசுக்குக் கொண்டுபோங்கள். கீழே விழுந்து உடைந்ததற்கு வாரண்டி பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் தானாக விழுந்த கோட்டுக்குப் பொருந்தும். "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்று வாய்வார்த்தையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள்.

வாரண்டி முடிந்துவிட்டதா? தேனி, போடி, சின்னமனூர், கம்பம் கடைவீதிகளில் ரிப்பேர் கடைகள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து திருப்புளி பிடிக்கிறவரும் உழைப்பாளிதான். இரண்டு கடைகளில் விலை கேளுங்கள். திரைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். பழைய திரையின் பின்புறத்து லேபிளில் மாடல் நம்பர் இருக்கும். அளவும், கேபிள் பின்னின் எண்ணிக்கையும், படத்தின் நுணுக்கமும் அதனோடு ஒத்த திரையைத்தான் போடவேண்டும். போட்ட திரைக்கு எத்தனை மாதப் பொறுப்பு என்று கேட்டு பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

எப்போது ரிப்பேர், எப்போது வேண்டாம்?

எதையும் எப்போதும் ரிப்பேர் செய் என்று நாம் சொல்லவில்லை. திரை மட்டும் போய், மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிற லேப்டாப்பாக இருந்து, ரிப்பேர்ச் செலவு அதே தரத்தில் ஒரு பழைய லேப்டாப்பின் சந்தை விலையில் பாதியைத் தாண்டாமல் இருந்தால், யோசிக்காமல் ரிப்பேர் செய்யலாம். வீட்டில் மேஜை மீதே வைத்துப் பார்க்கிற வேலைதான் என்றால், ஒரு பழைய மானிட்டரை இணைத்துக்கொண்டு திரை மாற்றாமலேகூட காலம் ஓட்டலாம்.

தண்ணீர் புகுந்து போர்டும் போய்விட்டது, திரையும் போய்விட்டது என்றால் பணத்தைக் கொட்டாதீர்கள். பாட்டரி உப்பியிருந்தால் உடனே உபயோகத்தை நிறுத்துங்கள், அது தீப்பிடிக்கக்கூடியது. 2011, 2012ல் கொடுத்த முதல் லேப்டாப்புகள் இன்றைய கல்லூரி வேலைக்குப் போதாமல் இருக்கலாம். அவற்றின் திரைக்கு நாலாயிரம் செலவழிப்பது புத்திசாலித்தனமல்ல.

வேகம் குறைந்தது என்பதற்காகவோ, "இதற்கு விண்டோஸ் 11 ஏறாது" என்று கடைக்காரர் சொன்னார் என்பதற்காகவோ மட்டும் எறிய வேண்டாம். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. யந்திரம் கெடவில்லை, கம்பெனி கையை விரித்தது, அவ்வளவுதான். காசு கொடுக்க வேண்டாத லினக்ஸை ஏற்றினால் பல பழைய லேப்டாப்புகள் மறுபடி ஓடும். மலைக்கு அப்பால் கேரளத்தில் சர்க்கார் பள்ளிகள் லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன.

"அப்படியானால் ஏழையின் பிள்ளை ஒட்டுப் போட்ட கருவியோடு திருப்தியடைய வேண்டுமா?" என்று வாலிபத் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இல்லை என்பதே நமது பதில். படிப்புக்குப் போதாத கருவியை வைத்துக்கொண்டு சிரமப்படு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. புதுக் கருவி தேவைப்படுகிற பிள்ளைக்கு அதைக் கொடுப்பது சர்க்காரின் கடமை. ஆனால் வாழ்கிற கருவியைச் செத்துவிட்டது என்று பொய் சொல்லி நம் கூலியைப் பறிப்பதை அனுமதிக்க முடியாது. இரண்டு உரிமையும் நமக்கு வேண்டும்.

ரிப்பேரைக் கஷ்டமாக்குவது யார்?

திரை மாற்றுவது இத்தனை மலிவு என்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? செய்யவிடாமல் தடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

திருகாணி போடவேண்டிய இடத்தில் பசை போட்டு ஒட்டுகிறார்கள். திரை மட்டும் போனால் மூடி முழுவதையும் மாற்றச் சொல்லி விலை கேட்கிறார்கள். உதிரி பாகத்தைத் தங்கள் சர்வீஸ் சென்டருக்குள் பூட்டி வைத்து, சின்னக் கடைக்காரருக்கு விற்க மறுக்கிறார்கள். கூடலூரில் இருக்கிற ஒருவரை மதுரைக்குக் கொண்டுவா என்றால், நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம், ஒரு நாள் கூலி நஷ்டம். அதற்குப் பயந்தே பலர் புதிது வாங்கிவிடுகிறார்கள்.

இது இன்று நேற்றுப் பிறந்த தந்திரமல்ல. 1924ல் ஜெனீவாவில் ஐரோப்பிய, அமெரிக்க பல்பு முதலாளிகள் கூடி ஒரு கூட்டுச்சதி செய்தார்கள். அதற்கு முன் 1,500 மணி நேரம், 2,000 மணி நேரம் எரிந்த பல்புகளை ஆயிரம் மணி நேரத்துக்குமேல் எரியாதபடி செய்யவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அதிக நேரம் எரிகிற பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்! நல்ல பண்டம் செய்தால் தண்டனை என்பதே ஏகபோகத்தின் தர்மம்.

நம் நாட்டிலும் இது அம்பலமாகியிருக்கிறது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் விற்காமல் தடுத்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு 2014ல் இந்தியப் போட்டி ஆணையம் 2,500 கோடி ரூபாய்க்கும் மேல் அபராதம் விதித்தது. பிறகு கம்பெனிகள் மேல்முறையீடு செய்து வழக்கை இழுத்தன. கார் வைத்திருப்பவர்களுக்கே இந்தப் பாடு என்றால், சர்க்கார் கொடுத்த லேப்டாப்பை வைத்திருக்கிற கூலிக்காரன் மகளின் பாடு எப்படியிருக்கும்!

மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமை பற்றி ஒரு கமிட்டி போட்டது. அந்த டிசம்பரில் ஒரு வலைத்தளமும் திறந்தது. செல்போன் முதலிய மின்னணுப் பண்டங்களுக்கு, எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டு விற்கவேண்டும் என இன்னொரு கமிட்டி 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரி முதலே லேப்டாப்புக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுத்தான் விற்கிறார்கள். கமிட்டியும் அறிக்கையும் வலைத்தளமும் நல்லதுதான். ஆனால் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் சட்டம்தான் உழைப்பாளிக்குப் பாதுகாப்பு.

எறிந்த லேப்டாப் எங்கே போகிறது என்பதையும் மறக்கக்கூடாது. ஏதோ ஒரு ஊரின் ஒதுக்குப்புறத்தில், கையுறைகூட இல்லாமல், வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறவனும் நம் வர்க்கத்தைச் சேர்ந்தவன்தான். வாங்குகிற இடத்தில் நம் கூலி போகிறது. எறிகிற இடத்தில் நம் சகோதரனின் நுரையீரல் போகிறது.

நமது கோரிக்கைகள்

1. சர்க்கார் கொடுக்கிற ஒவ்வொரு லேப்டாப்புக்கும் படிப்பு முடியும் வரை வாரண்டி வேண்டும். டெண்டரிலேயே உதிரி பாகத்தின் விலையை நிர்ணயித்து விளம்பரப்படுத்த வேண்டும்.

2. தாலுகா தோறும் ஒரு சர்க்கார் ரிப்பேர் நிலையம் வேண்டும். சர்க்கார் ஐ.டி.ஐ.களில் இந்த வேலையைக் கற்றுக்கொடுத்து, உள்ளூர் வாலிபர்களுக்கு வேலை தரவேண்டும்.

3. உதிரி பாகமும் பழுது பார்க்கும் குறிப்பும் எந்தச் சின்னக் கடைக்கும் நியாய விலையில் கிடைக்கும்படி மத்திய சர்க்கார் சட்டம் செய்யவேண்டும். லேப்டாப்பின் மீது பழுது பார்க்கும் மதிப்பெண் கட்டாயமாக இருக்கவேண்டும்.

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாரண்டியை மறுக்கிற கம்பெனி மீது நாம் குடியிருக்கும் ஜில்லாவின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் தேனிக்கு வந்து பதில் சொல்லவேண்டும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமல்ல, இரண்டு வருஷத்துக்குள் மனுப் போடவேண்டும். அதற்கு முன்பு 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் பதியலாம்.

தனியாகப் போகிற ஒருவரை ஆபீஸ் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஆகவே மில் தொழிலாளர் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மாணவர் சங்கமும் இதைக் கையில் எடுக்கவேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசில் ஒரு டி.வி.யும் வயரும் டார்ச் லைட்டும் வைத்துக்கொண்டு, வேலை தெரிந்த ஒரு வாலிபர் உட்கார்ந்தால் போதும். எது திரைக் கோளாறு, எது கேபிள் கோளாறு என்று பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து திரை வாங்கினால் விலையும் குறையும். அதே ஞாயிற்றுக்கிழமை அதே மேஜையில் கோரிக்கை மனுவுக்குக் கையெழுத்தும் வாங்கலாம்.

தோழர்களே! திரையில் விழுந்த கோட்டைக் காட்டி நூறு நாள் கூலியைப் பறிக்க வருகிறார்கள். 12 நாள் கூலியில் முடிகிற வேலையை 12 நாள் கூலியிலேயே முடிப்போம். மிச்சமாகிற கூலி அரிசிக்கும் பருப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் இருக்கட்டும். வாங்கிய பண்டத்தைப் பழுது பார்த்து ஆள்கிற உரிமையை, கூலி உயர்வுக்குப் போராடுகிற அதே உறுதியோடு கேட்டு வாங்குவோம்!